கூட்டு விண்ணப்பத்தில் சொல்லாமல் விட்ட சேமிப்பு: யூனிவர்சல் கிரெடிட் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்கள் பலவும் ஒரே விடயத்தைத்தான் சுற்றி நிற்கின்றன. பிரித்தானியாவில் கணவன் மனைவி சேர்ந்து யூனிவர்சல் கிரெடிட்டுக்கு, அதாவது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு மாதாமாதம் தரும் உதவிப்பணத்துக்கு (பெனிபிட்), விண்ணப்பித்திருக்கிறார்கள். ஒருவரிடம் இருந்த காசு மற்றவருக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்லப்படவில்லை. வாசகர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியுமிருக்கிறோம்.

கேள்வி: ஒரு வருடமாக நானும் கணவரும் யூனிவர்சல் கிரெடிட் எடுக்கிறோம். இரண்டு பிள்ளைகள். மாதம் 900 பவுண்ட் வருகிறது. விண்ணப்பிக்கும்போது சேமிப்பு இல்லை என்றுதான் போட்டோம். போன கிழமை பில்டிங் சொசைட்டியிலிருந்து (வங்கி போன்ற சேமிப்பு நிறுவனம்) வந்த கடிதம் ஒன்றில் அவருடைய பெயரில் 17,200 பவுண்ட் இருப்பதைக் கண்டேன். கேட்டால், "அது கலியாணத்துக்கு முதல் சேர்த்தது, அதற்கும் பெனிபிட்டுக்கும் சம்பந்தமில்லை" என்கிறார். எங்கள் கூட்டுக் கணக்கில் 300 பவுண்ட் கிடக்கிறது. எனக்கு உண்மையிலேயே தெரியாது. என்னையும் பிடிப்பார்களா? இனி நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சம்பந்தம் இருக்கிறது. ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் தம்பதி கூட்டாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அப்படி விண்ணப்பித்தால் இருவருடைய சேமிப்பும் ஒன்றாகக் கூட்டப்படும். கலியாணத்துக்கு முன் சேர்த்ததா, பின் சேர்த்ததா, யாருடைய பெயரில் கிடக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வராது. எல்லையும் தனி ஆளுக்கு உள்ள அதே எல்லைதான். இரண்டு பேர் என்பதற்காக இரட்டிப்பாகாது.

அந்த எல்லைகள்: 6,000 பவுண்ட் வரை ஒன்றும் கழிக்க மாட்டார்கள். 6,000க்கும் 16,000க்கும் இடையில் இருந்தால், 6,000க்கு மேலுள்ள ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் மாதம் 4.35 பவுண்ட் வருமானம் வருவதாக வைத்துக் கழிப்பார்கள். 250இல் ஒரு துண்டு மீதி இருந்தாலும் அது முழு 250ஆகவே எண்ணப்படும். அந்தக் காசுக்கு உண்மையில் என்ன வட்டி வருகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. 16,000ஐத் தாண்டினால் யூனிவர்சல் கிரெடிட் அறவே இல்லை. உங்கள் இருவருடையதும் சேர்ந்து 17,500. ஆகவே இந்த ஒரு வருடமும் உங்களுக்கு உரிமை இருக்கவில்லை என்பதுதான் தொடக்கப் புள்ளி.

இந்த இடத்தில் பலர் 900ஐ 12ஆல் பெருக்கி 10,800 என்று பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். சட்டப்படி கணக்கு அப்படிப் போவதில்லை. சேமிப்பால் வந்த மேலதிகக் கொடுப்பனவுக்கு, அதாவது உரிமையில்லாமல் கூடுதலாகப் பெற்ற காசுக்கு, 2013ஆம் ஆண்டின் மீளறவிடல் விதிகளில் தனியான கணக்கு முறை இருக்கிறது. சேமிப்பை ஒழுங்காகச் சொல்லியிருந்தால் பெனிபிட் கிடைத்திராது, அந்தக் காசையே எடுத்துச் செலவழித்திருப்பீர்கள் என்ற நியாயம்தான் அதன் அடிப்படை. எனவே ஒவ்வொரு மூன்று மாத முடிவிலும், அந்த மூன்று மாதத்தில் கூடுதலாகப் பெற்ற தொகையைச் சேமிப்பிலிருந்து கழித்துவிட்டு அடுத்த மூன்று மாதத்தைக் கணிக்க வேண்டும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சேமிப்பு வருடம் முழுக்க 17,500ஆகவே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று மாதம் முழுத்தொகையும் மேலதிகம்: 2,700. அதைக் கழித்தால் சேமிப்பு 14,800 என்று கொள்ளப்படும். 16,000க்குக் கீழே வந்துவிட்டது. 6,000க்கு மேல் 8,800. அதில் 250கள் 35, மீதி ஒரு துண்டு; ஆக 36. மாதக் கழிவு 156.60. நான்காம் மாதத்திலிருந்து மேலதிகம் அவ்வளவுதான், 900 அல்ல. மூன்று மாதத்துக்கு 469.80. அதையும் கழித்தால் 14,330.20, மாதக் கழிவு 147.90, மூன்று மாதத்துக்கு 443.70. பிறகு 13,886.50, மாதம் 139.20, மூன்று மாதத்துக்கு 417.60. எல்லாம் சேர்த்து 4,031.10 பவுண்ட். 10,800 எங்கே, இது எங்கே!

டிடபிள்யூபி என்று எல்லோரும் சொல்லும் வேலை, ஓய்வூதியத் திணைக்களம் இந்தக் கழிப்பைச் செய்யாமல் கடிதம் அனுப்பினால் பலருக்கு அது தெரியவே வராது. கடிதத்தில் ஒரே மொத்தத் தொகைதான் இருக்கும். மாதவாரியான கணக்கைத் தரச்சொல்லிக் கேளுங்கள். எல்லா மாதத்துக்கும் முழு 900 போட்டிருந்தால் அந்த விதி பயன்படுத்தப்படவில்லை. முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதற்கும் சரிவராவிட்டால், மறுபரிசீலனைப் பதில் வந்த தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மேன்முறையீட்டை விசாரிக்கும் ட்ரிபியூனலுக்குப் போகலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். யூனிவர்சல் கிரெடிட்டில் மேலதிகக் கொடுப்பனவு யாருடைய பிழையால் வந்திருந்தாலும் திருப்பிக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆகவே "திருப்பித் தர மாட்டோம்" என்று வாதாடுவதை விட, "உங்கள் தொகை பிழை" என்று வாதாடுவதில்தான் பலன்.

இனிச் செய்ய வேண்டியது. முதலில் பில்டிங் சொசைட்டியிடமிருந்து விண்ணப்பித்த நாளுக்கு முந்திய மாதம் தொடங்கி இன்றுவரையான ஸ்டேட்மென்ட் எடுக்க வேண்டும். கணக்கு அவருடையது என்பதால் அவர்தான் கேட்க வேண்டும். பாஸ்புக் கணக்கென்றால் கிளையில் பழைய பதிவுகளை அச்சடித்துத் தரக் கேட்கலாம். ஒவ்வொரு மதிப்பீட்டு மாதமும் (கொடுப்பனவைக் கணிக்கும் மாதம்) தொடங்கும் தேதியை உங்கள் யூனிவர்சல் கிரெடிட் ஸ்டேட்மென்டில் பார்த்து, அந்தந்த மாதத்தில் எல்லாக் கணக்குகளிலும் இருந்த மீதியை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். இங்கேதான் அதிகம் பிழை நடக்கிறது. சம்பளம் விழுந்த மறுநாள் மீதியை அப்படியே சேமிப்பு என்று எழுதிவிடுகிறார்கள். அந்த மாதச் சம்பளம் அந்த மாதத்துக்கு வருமானம். மாதம் முடிந்தும் செலவாகாமல் கிடப்பதுதான் சேமிப்பாக மாறும். எல்லைக்கு அருகில் நிற்பவர்களுக்கு இந்த வித்தியாசமே 16,000க்கு மேலா கீழா என்பதைத் தீர்மானிக்கும்.

ஸ்டேட்மென்ட் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். இணையக் கணக்கில் 'ரிப்போர்ட் எ சேஞ்ச்' என்ற இணைப்புக்குள் போய்ச் சேமிப்புப் பகுதியில் தொகையைப் பதியுங்கள். பிறகு அதே இணையக் கணக்கில் திணைக்களத்துக்குச் செய்தி எழுதும் பகுதியான ஜேர்னலிலும் நாலு வரி எழுதுங்கள்: இந்தக் கணக்கில் இவ்வளவு இருக்கிறது, விண்ணப்பித்த நாளிலிருந்து இருந்தது, இந்தத் தேதியில்தான் எனக்குத் தெரியவந்தது, ஸ்டேட்மென்டுகளை அனுப்புகிறோம், மேலதிகக் கொடுப்பனவைக் கணித்துத் தாருங்கள். அனுப்பியதைத் தேதியுடன் படம் எடுத்து வையுங்கள். கூட்டு விண்ணப்பத்தில் இருவருக்கும் தனித்தனி ஜேர்னல். அவர் எழுதுவது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் எழுதுவது அவருக்குத் தெரியாது. ஆனால் கொடுப்பனவு ஸ்டேட்மென்டை இருவரும் பார்க்கலாம். சேமிப்புக்கான கழிவு அதில் ஒரு வரியாக வரும். "நான் சொல்லிவிட்டேன்" என்று அவர் சொன்னால் அந்த வரி வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கவுன்சில் வரிக் குறைப்பு எடுப்பவர்கள் கவுன்சிலுக்கும் தனியாக அறிவிக்க வேண்டும். யூனிவர்சல் கிரெடிட்டில் சொன்னது தானாகப் போய்ச் சேரும் என்று நம்பியிருந்து, ஆறு மாதம் கழித்து இன்னொரு கடன் கடிதம் பெறுபவர்கள் நிறையப்பேர். ஆனால் சைல்ட் பெனிபிட், பிஐபி (உடல், மனநலக் குறைபாடு உள்ளவர்களுக்கான கொடுப்பனவு), பராமரிப்பாளர் கொடுப்பனவு ஆகியவற்றுக்குச் சேமிப்பு எவ்வளவு இருந்தாலும் பிரச்சினை இல்லை. அவற்றை நிறுத்திவிட வேண்டாம்.

"என்னையும் பிடிப்பார்களா" என்பதற்கு இரண்டு பதில் உண்டு. கடனைப் பொறுத்தவரை, அது கூட்டு விண்ணப்பத்தில் வந்தது. உங்களுக்குத் தெரியாது என்பதால் மட்டும் உங்கள் பங்கு இல்லாமல் போகாது. தண்டனையைப் பொறுத்தவரை நிலைமை வேறு. கவனக்குறைவாகப் பிழையான தகவல் கொடுத்ததற்கு 50 பவுண்ட் சிவில் தண்டம் இருக்கிறது. அதுகூட, துணைவர் செய்தது தெரியாமலும், தெரிந்திருக்க நியாயம் இல்லாமலும் இருந்தவருக்குப் போடப்படுவதில்லை. குற்றவழக்குக்கோ நீங்கள் அறிந்தே செய்தீர்கள் என்று நிரூபிக்க வேண்டும். ஆனால் போன கிழமை அந்தக் கடிதத்தைத் திறந்த நாளோடு "தெரியாது" என்ற நிலை முடிந்துவிட்டது. இனிச் சொல்லாமல் அடுத்த மாதக் கொடுப்பனவை எடுத்தால் அது உங்கள் பிழையும்தான். ஆகவேதான் ஜேர்னலில் தேதியை எழுதச் சொல்கிறோம்.

கணவர் ஸ்டேட்மென்ட் தர மறுத்தாலும் உங்களுக்குத் தெரிந்ததை நீங்கள் பதியலாம். திணைக்களம் அவரிடம் ஆதாரம் கேட்கும். சாதாரணமாக 14 நாள் தவணை கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால் கூட்டுக் கொடுப்பனவு முழுதும் இடைநிறுத்தப்படலாம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் காசைக் காட்டி மிரட்டுவது, அடிப்பது என்று போனால் கொடுப்பனவை இருவருக்கும் பிரித்துத் தரும்படி கேட்கலாம். ஜேர்னலில் எழுதப் பயமாக இருந்தால் தொலைபேசியில் சொல்லுங்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டால் ஒழுங்கு செய்வார்கள்.

கடைசியாக, முன்னுள்ள வழி. உண்மையான சேமிப்பு 16,000க்கு மேல் இருக்கும்வரை பெனிபிட் நிற்கும். மூன்று மாதக் கழிப்பு பழைய கடனைக் கணிக்க மட்டும்தான், இன்றைய உரிமைக்கு அது உதவாது. ஆனால் கடன் அடைப்பது குற்றமில்லை. 4,031.10ஐ அந்தச் சேமிப்பிலிருந்தே கட்டினால் மீதி 13,468.90. அப்போது மாதக் கழிவு 130.50 பவுண்ட். மறுபடி விண்ணப்பித்தால், மற்றவை மாறாதிருந்தால், 900இல் அது போக மீதி கிடைக்கும். கையில் காசு இருக்கும்போது தவணைக்கு இழுப்பதில் எந்த லாபமும் இல்லை.

கேள்வி: 2024இல் கடிதம் வந்து, முன்பிருந்த உதவிப்பணமான டாக்ஸ் கிரெடிட்டிலிருந்து யூனிவர்சல் கிரெடிட்டுக்கு மாறினோம். டாக்ஸ் கிரெடிட்டில் சேமிப்பைப் பற்றிக் கேட்டதே இல்லை. அதனால் மனைவியின் 22,000 பவுண்டை நான் போடவில்லை. இப்போது சொன்னால் எல்லாவற்றையும் திருப்பிக் கேட்பார்களா?

பதில்: டாக்ஸ் கிரெடிட்டில் சேமிப்புக்கு எல்லையே இருக்கவில்லை என்பது உண்மை. அதனால்தான் இப்படி மாறியவர்களுக்கு ஒரு சலுகை வைத்தார்கள். மாறும்படி அறிவித்தல் வந்து, தவணைத் தேதிக்குள் விண்ணப்பித்த டாக்ஸ் கிரெடிட் குடும்பங்களுக்கு, முதல் 12 மதிப்பீட்டு மாதங்களுக்கு 16,000க்கு மேலுள்ள தொகை கணக்கில் எடுக்கப்படாது. அந்தக் காலத்தில் உங்கள் சேமிப்பு 16,000 என்றே கொள்ளப்படும். கழிவு மாதம் 174 பவுண்ட். 12 மாதத்துக்கு 2,088.

அதுகூடக் குறையலாம். மாறும்போது பழைய தொகைக்கும் புதிய தொகைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரிக்கட்ட ஒரு இடைக்காலப் பாதுகாப்புத் தொகை கணித்திருப்பார்கள். சேமிப்பைச் சேர்த்துக் கணித்திருந்தால் அந்தத் தொகை கூடியிருக்கக்கூடும். எனவே மேலதிகக் கொடுப்பனவைக் கணிக்கும்போது இதையும் சேர்த்துத் திருத்தும்படி எழுத்தில் கேளுங்கள். கேட்காமல் தானாக நடக்கும் என்று இருக்க வேண்டாம்.

13ஆம் மாதத்திலிருந்து சலுகை இல்லை. அதற்குப் பிறகு பெற்றதுதான் உங்களுடைய பெரிய கடன். நாள் போகப்போக அது வளர்ந்துகொண்டே இருக்கும். முதல் கேள்வியில் சொன்ன மூன்று மாதக் கழிப்பு உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: சீட்டுக்காசு சேமிப்பா? மனைவி எனக்குச் சொல்லாமல் 20 பேர் சீட்டில் மாதம் 500 கட்டி வந்திருக்கிறா.

பதில்: சேமிப்புத்தான். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும்.

இன்னும் எடுக்கவில்லை, எட்டு மாதம் கட்டியாயிற்று என்றால், 4,000 பவுண்ட் உங்களுக்கு வர வேண்டிய காசாக அங்கே நிற்கிறது. அதைத் தொகையோடும் விளக்கத்தோடும் சொல்லிவிடுங்கள். வில்லங்கம் முதலில் எடுத்தவர்களுக்குத்தான். மூன்றாம் மாதம் 10,000ஐ எடுத்து வங்கியில் போட்டிருந்தால் அந்த 10,000 முழுதும் சேமிப்பு. "இன்னும் 17 மாதம், 8,500 கட்ட வேண்டும், அதைக் கழியுங்கள்" என்று கேட்டால் கழிக்க மாட்டார்கள். ஒரு சொத்தின் மேல் ஈடு வைத்துப் பெற்ற கடனை மட்டுமே அந்தச் சொத்தின் பெறுமதியிலிருந்து கழிக்கலாம். சீட்டுப் பாக்கிக்கு ஈடு எதுவும் இல்லை. கழிவுச் சீட்டென்றால் கையில் வந்த தொகைதான் கணக்கு, சீட்டின் முகப்புத்தொகை அல்ல.

ஆதாரம்தான் பெரிய தலையிடி. தாய்ச்சீட்டுக்காரர் கடிதம் எழுதித் தர மாட்டார். கொப்பியில் உள்ள பக்கத்தைப் படம் எடுங்கள்; வங்கியால் அனுப்பிய மாதத் தொகைகள், யார் எப்போது எடுத்தது என்று வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். இது இல்லாவிட்டால் ஒரே நாளில் கணக்கில் விழுந்த 10,000க்கு விளக்கம் சொல்ல முடியாமல் போகும். வீட்டில் வைத்திருக்கும் கைக்காசுக்கும் இதே விதிதான்.

கேள்வி: கணவருடைய பெயரில் யாழ்ப்பாணத்தில் காணியும் வீடும் இருக்கிறது. மாமி அங்கே இருக்கிறா. என்னிடம் தாலிக்கொடியும் நகையும் இருக்கிறது. இதெல்லாம் சொல்ல வேண்டுமா?

பதில்: நகை தனிப்பட்ட உடைமை, யூனிவர்சல் கிரெடிட்டில் அது சேமிப்பாக எண்ணப்படாது. தாலிக்கொடியை நிறுத்துப் பார்த்து விலை போட வேண்டியதில்லை. ஆனால் வங்கியில் கிடந்த 10,000ஐ எடுத்து அவசரமாக நகையாக மாற்றினால், பெனிபிட்டுக்காகக் காசைக் குறைத்ததாகக் கேள்வி வரும்.

வெளிநாட்டில் உள்ள காணியும் வீடும் சேமிப்பில் சேரும். இங்கே தெரியவராது என்று விட்டுவிடுவதுதான் பொதுவான பழக்கம். ஆனால் சொல்லியிருந்தால் உங்களுக்குச் சாதகமாக முடிந்திருக்கக்கூடிய இடம் இது. நெருங்கிய உறவினர் ஒருவர் ஓய்வூதிய வயதைத் தாண்டியவராகவோ, வேலை செய்ய இயலாத உடல்நிலை உள்ளவராகவோ இருந்து, அந்த வீட்டையே தன் வீடாகக் கொண்டு வாழ்ந்தால் அதன் பெறுமதி விடப்படும். பெற்றோர், சகோதரர், பிள்ளைகள் எல்லோரும் இதில் அடங்குவர். மாமிக்கு அந்த வயது ஆகியிருந்தால் வீட்டைச் சொல்லி, அவர் அங்கே வாழ்வதற்கான கிராம சேவகர் கடிதத்தையும் பிறந்த தேதி ஆதாரத்தையும் கொடுத்துவிடுங்கள்.

தனியாகக் கிடக்கும் காணிக்கு வேறு கணக்கு. உறுதியில் கணவருடைய பெயரோடு இரண்டு சகோதரிகளின் பெயரும் இருந்தால், வேறு விதமாகக் காட்டாதவரை சமபங்காகக் கொண்டு மூன்றில் ஒன்று அவருடையது என்பார்கள். அந்தப் பங்கு சந்தையில் என்ன விலைக்குப் போகும் என்பதுதான் கேள்வி; முழுக்காணியின் விலையை மூன்றால் பிரித்தது அல்ல. பங்காளிகளோடு பிரிக்கப்படாத காணியின் ஒரு பங்கை வெளியார் வாங்குவது அருமை என்பதால் பெறுமதி நன்றாகக் குறையும். அதை எழுதித் தரக்கூடிய மதிப்பீட்டாளரைப் பிடியுங்கள். விற்பதற்குச் செலவு வருமென்றால் 10 வீதம் கழிப்பார்கள், காணியை ஈடு வைத்த கடன் இருந்தால் அதையும் கழிப்பார்கள். உண்மையாகவே விற்க முயன்றுகொண்டிருந்தால் ஆறு மாதம் அதன் பெறுமதியை விடலாம். விளம்பரம், தரகரோடு நடந்த கடிதப் போக்குவரத்து இருக்க வேண்டும்.

கேள்வி: கணக்கைச் சொல்வதற்கு முன் காசைத் தம்பிக்கு அனுப்பிவிட்டால், பிள்ளைகளின் பெயரில் போட்டுவிட்டால் பிரச்சினை தீராதா?

பதில்: தீராது, பிரச்சினை இன்னும் பெரிதாகும். பெனிபிட் கிடைக்க வேண்டும் என்பதற்காகக் காசைக் கைமாற்றினால், அது இன்னும் உங்களிடம் இருப்பதாகவே வைத்துக் கணிப்பார்கள். காசும் இல்லை, பெனிபிட்டும் இல்லை. அதை விட மோசம், அதுவரை கவனக்குறைவு என்று சொல்லக்கூடியதாக இருந்த விடயம் அந்த ஒரு பணமாற்றத்தால் திட்டமிட்ட மறைப்பாகத் தோன்றத் தொடங்கும். தம்பிக்குப் போன தேதி ஸ்டேட்மென்டில் நிற்கும். கடன் அடைப்பதும், உங்கள் நிலைமைக்கு நியாயமான பொருள் வாங்குவதும் இதில் சேராது. கிரெடிட் கார்ட் கடனைக் கட்டலாம், பழுதான கொதிகலனை மாற்றலாம், பற்றுச்சீட்டு இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கு அம்மம்மா கொடுத்த காசு பிள்ளைகளுடையது, அது எண்ணப்படாது. உங்கள் காசை நேற்றுப் பிள்ளையின் கணக்கில் போட்டது அந்த வகை அல்ல.

தம்பியின் காசு உண்மையிலேயே உங்கள் கணக்கில் இருக்கிறது என்றால் அது வேறு. உங்கள் பெயரில் இருந்தாலும் உரித்து அவருடையது என்று காட்டினால் எண்ண மாட்டார்கள். எங்கிருந்து வந்தது, ஏன் உங்களிடம் வைத்தார், நீங்கள் அதில் கைவைத்தீர்களா என்ற மூன்றையும் பார்ப்பார்கள். அந்தக் காசிலிருந்து ஒருமுறை வீட்டு வாடகை கட்டியிருந்தால் வாதம் பலவீனமாகிவிடும். கோயில், ஊர்ச்சங்கக் காசைத் தனிப்பட்ட கணக்கில் வைத்திருப்பவர்கள் இதை வாசித்ததும் தனிக்கணக்குத் திறப்பது நல்லது.

கேள்வி: சொல்லாமல் விட்டால் எப்படித் தெரியவரும்?

பதில்: வங்கிகள் வட்டி விபரத்தை ஒவ்வொரு வருடமும் வரித் திணைக்களத்துக்குக் கொடுக்கின்றன. அந்தத் தரவு பெனிபிட் பதிவுகளோடு ஒப்பிடப்படுகிறது. 2025இல் நிறைவேறிய சட்டம், பெனிபிட் விழும் கணக்குகளில் சேமிப்பு எல்லையைத் தாண்டியவற்றை வங்கிகளே சுட்டிக்காட்டக் கேட்கும் அதிகாரத்தையும் கொடுத்திருக்கிறது. பிடிபட்டபின் சொல்வதும் தானாகச் சொல்வதும் ஒன்றல்ல.

கேள்வி: எச்சரிக்கையின் கீழான விசாரணைக்கு வரும்படி கணவருக்கும் எனக்கும் வெவ்வேறு தேதியில் கடிதம் வந்திருக்கிறது. போகாமல் விடலாமா? காசைக் கட்டிவிட்டால் முடியுமா?

பதில்: இது ஜொப்சென்டரில் ஆவணம் பார்க்கும் சாதாரண நேர்காணல் அல்ல. குற்றவழக்குக்கான சாட்சியமாகப் பதிவுசெய்யப்படும் விசாரணை. போக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் போகாவிட்டால் அவர்கள் கையில் உள்ளதை வைத்து முடிவெடுப்பார்கள். போவதற்கு முன் ஒரு சொலிசிட்டரை (வழக்கறிஞர்) பாருங்கள். என்ன ஆதாரம் இருக்கிறது என்று அவர் முன்கூட்டியே கேட்டு வாங்குவார். எழுத்தில் ஒரு வாக்குமூலம் கொடுப்பதா, கேள்விகளுக்குப் பதில் சொல்வதா என்பதையும் அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்னரே கேளுங்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

முக்கியமான ஒன்று: "எனக்குத் தெரியாது" என்று மனைவியும் "அவவுக்குத் தெரியும்" என்று கணவரும் சொல்லும் நிலைமை என்றால் இருவருக்கும் ஒரே சொலிசிட்டர் நிற்க முடியாது. இருவரும் ஒன்றாகப் போய் ஒருவரையே அமர்த்திவிட்டு, பாதி வழியில் அவர் விலகி நிற்பதைக் காண்கிறோம்.

முடிவு மூன்று விதமாக வரலாம். வெறும் மேலதிகக் கொடுப்பனவோடு விடலாம். அல்லது வழக்குக்குப் பதிலாக நிர்வாகத் தண்டம் ஏற்கச் சொல்லலாம்: கடனின் பாதி, ஆகக் குறைந்தது 350, ஆகக் கூடியது 5,000 பவுண்ட். அது கடனுக்கு மேலதிகம். ஏற்றபின் 14 நாளுக்குள் மனம் மாறலாம். அது குற்றத்தீர்ப்பு அல்ல. ஆனால் ஆதாரம் பலவீனமாக இருக்கும்போது பயத்தில் ஏற்பது புத்தியில்லை, அதையும் சொலிசிட்டரிடம் கேளுங்கள். மூன்றாவது நீதிமன்றம். நேர்மையற்ற நோக்கத்தோடு செய்ததாக நிரூபித்தால் ஏழு வருடம் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. குற்றத்தீர்ப்பு பிரஜாவுரிமை விண்ணப்பத்தையும் தொடும்.

காசைக் கட்டுவது விசாரணையைத் தானாக நிறுத்தாது. ஆனாலும் கட்டுவது நல்லது. மூன்று மாதக் கழிப்பால் கடன் குறைந்தால் தண்டமும் குறையும், ஏனென்றால் தண்டம் கடனில்தான் தங்கியிருக்கிறது. ஆகவே தொகை சரியா என்று பார்ப்பதைத் தண்டத்தை ஏற்பதற்கு முன் செய்யுங்கள். ஒரேயடியாகக் கட்ட முடியாதவர்களிடம் மாதக் கொடுப்பனவிலிருந்து பிடிப்பார்கள். 2025 ஏப்ரலிலிருந்து இப்படிப் பிடிப்பவற்றின் பொதுவான உச்சம் அடிப்படைத் தொகையில் 15 வீதம். முன்பு 25ஆக இருந்தது. மோசடி என்று முடிவானவர்களுக்கு இந்தக் குறைப்பை நம்ப முடியாது.

கேள்வி: அப்பா காலமாகிவிட்டார். அம்மாவும் அவரும் பென்ஷன் கிரெடிட் எடுத்தவர்கள். இப்போது பார்த்தால் அவருடைய பெயரில் 24,300 பவுண்ட் வைப்பு இருக்கிறது. அம்மாவுக்கே தெரியாது.

பதில்: குறைந்த வருமானமுள்ள ஓய்வூதிய வயதினருக்கான பென்ஷன் கிரெடிட்டில் எல்லை வேறு. முதல் 10,000 விடப்படும். அதற்கு மேல் ஒவ்வொரு 500க்கும், அல்லது அதன் துண்டுக்கும், கிழமைக்கு ஒரு பவுண்ட் வருமானமாக எண்ணப்படும். மேல் எல்லை கிடையாது. 24,300 என்றால் மேலே 14,300. கிழமைக்கு 29 பவுண்ட். அவர்கள் பெற்றது கிழமைக்கு 29ஐ விடக் கூட என்றால் வித்தியாசம் தொடர்ந்து கிடைத்திருக்கும். ஆகவே கடன் பெற்றதெல்லாம் அல்ல, கிழமைக்கு 29 மட்டும். இங்கேயும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழிப்பு உண்டு. இன்னொரு வித்தியாசம்: பென்ஷன் கிரெடிட்டில் யாராவது பிழையாகச் சொன்னதாலோ சொல்லாமல் விட்டதாலோ வந்த மேலதிகத்தைத்தான் திருப்பிக் கேட்கலாம்.

புரோபேட் (இறந்தவரின் சொத்தை நிர்வகிக்கும் அனுமதி) போடும்போது காட்டும் சொத்து விபரத்தைத் திணைக்களம் பழைய பெனிபிட் பதிவோடு ஒப்பிடும். அப்பாவின் சொத்திலிருந்தே கடனைக் கேட்பார்கள். அதனால் அந்த வைப்பைப் பிள்ளைகள் பிரித்தெடுக்க முன் கடிதம் எழுதிக் கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். பிரித்த பிறகு கடிதம் வந்தால் சொத்தை நிர்வகித்தவரிடமே கேட்பார்கள். அம்மா இப்போது தனி ஆள்; அவருடைய பென்ஷன் கிரெடிட்டைப் புதிதாகக் கணிக்க வேண்டும். அந்தக் காசு அவருக்கு வந்து சேர்ந்தால் அதையும் சொல்லித்தான் கணிக்க வேண்டும். ஈமச்செலவு பற்றுச்சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள். அவை சொத்திலிருந்து முதலில் கழிபடும்.